நுணுக்குக்காட்டியும் மலையகமும்: இணையவழிக் கற்றல் வளங்கள் பற்றிய ஒரு மதிப்பீடு

மலையகத் தமிழ் மக்களின் வாழ்வை நிருணயித்த ஆவணங்கள் எவை என வினவின், 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும் 1964ஆம் ஆண்டுச் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தமும் உடனடியாக நினைவுக்கு வரும். அவ்வரிசையில் சிறியதொரு கண்ணாடி வழுக்கியையும் சேர்த்தெண்ண வேண்டும் என்று கூறின் வியப்புத் தோன்றலாம். ஆயினும், கோப்பியை அழித்துத் தேயிலைக்கு வழிவிட்ட நோய் இன்னதென அறியப்பட்டதும், தோட்டத் தொழிலாளரின் உடல் அரசினதும் துரைமாரினதும் ஆய்வுப் பொருளாக மாறியதும் நுணுக்குக்காட்டியின் கீழ் வைக்கப்பட்ட வழுக்கிகளின் வாயிலாகவே என்பதை வரலாறு காட்டுகின்றது. அவ்வழுக்கிகளைக் குனிந்து நோக்கிய கண்கள் எவருடையவை என்பதே இக்கட்டுரையின் அடிப்படை வினாவாகும்.

இவ்வினாவை இன்று எழுப்புவதற்குத் தக்க காரணம் உண்டு. கடந்த முப்பது ஆண்டுகளில் ஒளி நுணுக்குக்காட்டியியலைத் தாமே கற்க விழையும் மாணவருக்கும் ஆர்வலருக்கும் பயன்படத்தக்க பெருந்தொகையான பாடங்கள், படங்கள், விரிவுரைகள், பயிற்சிகள் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கலாயின. அறிவு அனைவர்க்கும் பொதுவாகிவிட்டது என்று இதனைக் கொண்டாடுவோர் ஒருபுறம். வறிய மக்களுக்கு இவற்றால் யாது பயன் என்று புறமொதுக்குவோர் மறுபுறம். இவ்விரு நிலைப்பாடுகளும் கருவியை அதன் சமூக உறவுகளிலிருந்து பிரித்து நோக்குவனவே. இவ்வளங்களின் இயல்பு யாது, அவற்றின் எல்லை யாது, நுவரெலியா, ஹற்றன், தலவாக்கலைப் பகுதிகளிற் பயிலும் ஒரு மாணவர் அவற்றைத் தமதாக்கிக் கொள்ளல் எங்ஙனம் என்பன ஈண்டு ஆராயப்படுகின்றன.

1. வழுக்கியில் எழுதப்பட்ட வரலாறு

1869ஆம் ஆண்டில் இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் இலைகளின் கீழ்ப்புறத்தே செம்மஞ்சள் நிறத் தூள் படிந்த புதியதொரு நோய் கண்டறியப்பட்டது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவைற்ஸ் இங்கிலாந்துக்கு அனுப்பிய மாதிரிகளை ஆராய்ந்த பெர்க்லியும் புரூமும் அதனை ஒரு பங்கசு எனக் கண்டு, 'ஹெமிலியா வஸ்ராற்றிக்ஸ்' எனப் பெயரிட்டனர். அப்பெயரின் முற்பகுதி 'பாதி வழுவழுப்பானது' எனவும் பிற்பகுதி 'நாசம் விளைவிப்பது' எனவும் பொருள்படும். அதன் வித்தி ஒருபுறம் வழுவழுப்பாகவும் மறுபுறம் நுண்ணிய முட்களுடனும் காணப்படுவதே முற்பகுதிக்குக் காரணம். நுணுக்குக்காட்டி கண்டதும் தோட்ட முதலாளிகள் அஞ்சியதும் ஒரே பெயரில் இணைந்திருத்தல் கவனிக்கத்தக்கது.

நோயை ஆராயும்பொருட்டு 1880இல் ஹரி மார்ஷல் வோட் என்னும் இளம் தாவரவியலாளர் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். 1882 வரை இங்குத் தங்கிய அவர், கிளிசரின் பூசிய கண்ணாடி வழுக்கிகளைத் தோட்டங்களில் தொங்கவிட்டு, காற்றில் மிதந்து வந்து படியும் வித்திகளைப் பிடித்தார். நீர்த்துளியில் வித்தி முளைப்பதையும், அம்முளை இலைவாயினூடாக உட்புகுவதையும் கண்டு நிறுவினார். நோய் காற்றின் வழியே பரவுகின்றது என்பது இதனாற் புலனாயிற்று. அவர் அத்துடன் அமையவில்லை. மலைத்தொடர் முழுவதையும் ஒரே பயிரால் நிரப்பியமை பங்கசு தங்குதடையின்றிப் பரவுதற்கு வாய்ப்பளித்தது என்பதையும் சுட்டிக்காட்டினார். ஆனால் முதலாளிகள் வேண்டிநின்ற மருந்தை அவரால் அளிக்க முடியவில்லை. கோப்பி வீழ்ந்தது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் ரெயிலர் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலைப் பயிர்ச்செய்கை அவ்வெற்றிடத்தை நிரப்பியது. பருவகாலக் கோப்பிக்கு வந்து மீண்ட தென்னிந்தியத் தொழிலாளர், ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கப்பட வேண்டிய தேயிலைக்காக லயன்களில் நிலையாகக் குடியமர்த்தப்பட்டனர்.

இரண்டாவது நிகழ்ச்சி தொழிலாளரின் உடலோடு தொடர்புடையது. 1916இல் அமெரிக்க றொக்பெல்லர் மன்றத்தின் ஆதரவுடன் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கப்பட்டது. தொழிலாளரின் மலம் வழுக்கியில் இடப்பட்டு, புழுவின் முட்டைகள் நுணுக்குக்காட்டியால் தேடப்பட்டன. பரிசோதிக்கப்பட்டோரில் மிகப் பெரும்பாலோர் தொற்றுக்குள்ளாகியிருந்தமை தெரியவந்தது. இரத்தச்சோகையால் உழைப்புத்திறன் குன்றுவதைத் தோட்ட நிருவாகங்கள் உணர்ந்தன. எனினும், மண்ணில் மலங்கழித்தலைத் தடுக்கக்கூடிய கழிப்பறைகளுக்குச் செலவிட அவை தயங்கின. நோயின் உயிரியற் காரணம் வழுக்கியில் துலக்கமாகத் தெரிந்தது. அதன் சமூகக் காரணமோ லயனுக்குப் பின்புறத்தே எவரும் காணத்தக்கதாய்க் கிடந்தது.

மூன்றாவது, தேயிலையை நுகர்வோர் பக்கம். 1850களின் தொடக்கத்தில் இலண்டனில் ஆதர் ஹில் ஹசல் என்னும் மருத்துவர் தேயிலை, கோப்பி முதலிய உணவுப் பொருள்களை நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்து, கலப்படங்களை 'லான்செற்' மருத்துவ இதழில் வெளியிட்டார். அவ்வாய்வுகள் 1860ஆம் ஆண்டின் உணவுக் கலப்படச் சட்டத்துக்கு வழிகோலின. தேயிலையின் இலையினுள்ளே தடித்த சுவருடன் கிளைவிட்டுக் காணப்படும் கலங்கள் இன்றும் உண்மைத் தேயிலையை இனங்காண உதவுகின்றன.

ஆக, முதலீட்டைக் காக்கவும், உழைப்பைக் காக்கவும், நுகர்வோரைக் காக்கவும் நுணுக்குக்காட்டி பயன்பட்டது. இம்மூன்றிலும் தொழிலாளர் வழுக்கியின் மேலோ வழுக்கியைச் சூழவோ இருந்தனர். பார்வைத்துண்டில் கண்வைத்தோராக இருக்கவில்லை. 1925இல் நிறுவப்பட்டுத் தலவாக்கலை சென்ற் கூம்ஸ் தோட்டத்தில் அமைந்த தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் மலையகத்தின் நடுவிலேயே உள்ளது. எனினும் அதனைச் சூழ்ந்த லயன்களிலிருந்து அதன் ஆய்வுகூடத்துக்குச் செல்லும் கல்விப்பாதை மிகக் குறுகியதாகவே இருந்துவந்துள்ளது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில் என்பதையும், உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள தமிழ்ப் பாடசாலைகள் இப்பிரதேசத்தில் நெடுங்காலம் அரிதாயிருந்தமையையும் இதனோடு சேர்த்து நோக்கவேண்டும்.

2. கருவியின் எல்லை

இன்றைய வளங்களை மதிப்பிடுமுன் கருவியின் இயல்பைச் சுருக்கமாக அறிதல் அவசியம். நுணுக்குக்காட்டி பெரிதாக்கிக் காட்டுவது என்பது பொதுவான எண்ணம். உண்மையில் அதன் தலையாய பணி அண்மையிலுள்ள இரு புள்ளிகளை வேறுவேறாகப் பிரித்துக் காட்டுவதேயாகும். இத்திறனைப் பிரிவலு என்பர். ஜேர்மனியின் ஜெனா நகரில் ஏர்ண்ஸ்ற் அபே 1873இல் நிறுவியவாறு, இப்பிரிவலுவுக்கு ஒளியின் அலைநீளமே எல்லை வகுக்கின்றது. பொருளி எவ்வளவு அகன்ற ஒளிக்கூம்பை ஏற்கின்றதோ அவ்வளவுக்கு நுண்மை கூடும். பாடசாலைகளில் வழங்கும் 40 மடங்குப் பொருளி, பச்சை ஒளியில் ஏறத்தாழ 0.4 மைக்கிரோமீற்றர் இடைவெளியைப் பிரித்துக் காட்டும். எண்ணெயில் தோய்த்துப் பயன்படுத்தும் 100 மடங்குப் பொருளி ஏறத்தாழ 0.2 மைக்கிரோமீற்றர் வரை செல்லும். இதற்கப்பால் எத்துணை பெரிதாக்கினும் புதிய விவரம் எதுவும் தோன்றாது. அது வெற்று உருப்பெருக்கம் மாத்திரமே. ஒளியூட்டல் பிழைப்பின் இவ்வெல்லையை அடைதலும் இயலாது. மாதிரியின்மேல் ஒளி சீராகப் படிதற்கு 1893இல் ஓகஸ்ற் கோலர் வகுத்த முறை இன்றும் கையாளப்படுகின்றது.

இக்கணக்கை மலையக வரலாற்றோடு பொருத்திப் பார்த்தல் பயனுடையது. கோப்பி நோயின் வித்தி ஏறத்தாழ 30 மைக்கிரோமீற்றர் நீளமுடையது. கொழுக்கிப்புழுவின் முட்டை 60 மைக்கிரோமீற்றரை எட்டும். 400 மடங்கு உருப்பெருக்கத்தில் அவ்வித்தி 12 மில்லிமீற்றர் அளவினதாகத் தோன்றும். விரல் நகத்தின் அகலம் என்று கொள்ளலாம். ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷ் குழுவினர் உருவாக்கி 2014இல் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்ட, காகிதத்தை மடித்துச் செய்யும் 'போல்ட்ஸ்கோப்' என்னும் நுணுக்குக்காட்டி 140 மடங்கு பெரிதாக்கி, ஏறத்தாழ 2 மைக்கிரோமீற்றர் வரை பிரித்துக் காட்டவல்லது. அதன் உறுப்புகளுக்கான செலவு ஒரு டொலருக்கும் குறைவு என அக்கட்டுரை கணக்கிட்டது. பற்றீரியாக்களைத் தெளிவாகக் காண அது போதாது. ஆனால் மலையகத்தின் விதியை மாற்றிய வித்தியும் முட்டையும் அக்காகிதக் கருவியின் எல்லைக்குள் நன்கு அடங்குவன. எனவே, அவற்றை மலையகத்தவர் காணாமற்போனமைக்குக் கண்ணாடி வில்லையின் விலையையோ ஒளியின் விதியையோ காரணமாகக் காட்டுதல் இனி இயலாது.

3. இணைய வளங்களின் இயல்பு

இன்று கிடைக்கும் வளங்களை நால்வகையாகப் பிரித்து நோக்கலாம்.

முதலாவது, பல்கலைக்கழகமும் தொழில் நிறுவனங்களும் இணைந்து உருவாக்கியவை. அமெரிக்காவின் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் டேவிட்சன் தலைமையில் உருவான 'மொலிக்கியூலர் எக்ஸ்பிரஷன்ஸ்' இதற்கு முன்னோடி. நிக்கொன், ஒலிம்பஸ், சைஸ் ஆகிய நிறுவனங்களின் கல்வித் தளங்களும் அவருடைய குழுவினரின் உழைப்பைப் பெற்றன. ஒளி ஒடுக்கியை ஏற்றி இறக்கி, துவாரத்தைச் சுருக்கி விரித்து, விம்பம் எங்ஙனம் மாறுகின்றது என்பதைத் திரையிலேயே செய்து பார்க்கும் பாடங்கள் இவற்றின் சிறப்பு. பல மாணவருக்கு ஒரே கருவியைக் கொண்ட ஆசிரியர் ஒருவருக்கு இவை பெருந்துணையாகும். எனினும், கருவியை விற்பவரே அக்கருவி பற்றிய அறிவையும் வழங்குகின்றனர் என்பது மனங்கொள்ளத்தக்கது. விலையுயர்ந்த கருவிகளே இயல்பான தேவை என்னும் எண்ணத்தை இத்தளங்கள் தம்மையறியாமலே விதைக்கின்றன. அன்றியும், இத்தகைய பாடங்கள் பல ஜாவா நிரல்களில் அமைந்திருந்தமையால், இணைய உலாவிகள் அவற்றை ஏற்காமல் விட்டபோது மீள அமைக்கப்பட வேண்டியனவாயின. இலவசமாகக் கிடைப்பது நிலையாகக் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை.

இரண்டாவது, ஆய்வாளரின் விரிவுரைத் தொடர்கள். கலிபோர்னியாவில் றொன் வேல் முதலியோரின் முயற்சியால் உருவான 'ஐபயோலஜி' விரிவுரைகள் அடிப்படை ஒளியியலிலிருந்து இன்றைய ஆய்வுமுறைகள் வரை விளக்குகின்றன. இவை பல்கலைக்கழக மாணவருக்கு ஏற்றவை. ஆங்கிலமும் பௌதிகமும் ஓரளவு கைவந்தோரையே இவை முன்னிலைப்படுத்துகின்றன.

மூன்றாவது, ஆர்வலரின் ஆக்கங்கள். 1865இல் இலண்டனில் தோன்றிய குவெக்கெற் நுணுக்குக்காட்டிக் கழகம் தொழில்முறை ஆய்வாளரல்லாதோரின் கழகமாக வளர்ந்தது. 1990களில் பிரித்தானியாவில் தொடங்கிய 'மிக்ஸ்கேப்' என்னும் இணையச் சஞ்சிகை அம்மரபின் தொடர்ச்சி எனலாம். குளத்து நீரையும் சுவர்ப் பாசியையும் தாமே நோக்கி எழுதுவோரின் கட்டுரைகள் இத்தகைய ஆக்கங்களில் நிறைந்துள்ளன. மொழியெளிமையாலும் செய்முறைத் தெளிவாலும் தொடக்கநிலை மாணவருக்கு இவையே மிக நெருக்கமானவை. போல்ட்ஸ்கோப்பைப் பயன்படுத்துவோர் தாம் கண்டவற்றைப் பகிரும் தளத்தையும் இதனுடன் சேர்க்கலாம்.

நான்காவது, நூலகங்கள். றொபேட் ஹூக்கின் 1665ஆம் ஆண்டு நூலாகிய 'மைக்ரோகிராபியா' உட்பட, முன்னர் பெருநகர நூலகங்களில் மாத்திரம் காணக்கிடைத்த மூல நூல்கள் இன்று எவரும் வாசிக்கத்தக்கனவாயுள்ளன. ஈழத்துத் தமிழ் ஆவணங்களைப் பொறுத்தவரை 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகத்தின் பணி போற்றத்தக்கது. அரசின் பாடநூல்களும் கல்வி அமைச்சின் 'ஈ-தக்சலாவ' தளத்துப் பாடங்களும் தமிழிற் கிடைக்கின்றன.

இந்நால்வகைக்கும் பொதுவானதொரு குறைபாடு உண்டு. இவை விம்பத்தைத் தருகின்றன, காணுதலைத் தருவதில்லை. காணுதல் ஓர் உழைப்பு. வழுக்கியைத் தயாரித்தல், காற்றுக்குமிழியையும் கலத்தையும் வேறுபிரித்தறிதல், குவியத்தைச் சற்றே மாற்றி மாற்றித் தடிப்பை உணர்தல், கண்டதை வரைதல் ஆகியன கையும் கண்ணும் கூடிப் பழகும் தொழில்கள். திரையில் தோன்றும் படமோ எவரோ ஒருவர் நூறு வழுக்கிகளில் தேர்ந்தெடுத்த ஒன்று. அதனை மாத்திரம் கண்டு பழகிய மாணவர், தம் வழுக்கியில் மங்கலாகத் தெரிவதைத் தோல்வி எனக் கருதிவிடுவர். நுணுக்குக்காட்டியின் பாகங்களைப் பெயரிடுக என்னும் பரீட்சை வினாவுக்கு முழுப்புள்ளி பெற்ற மாணவர் அக்கருவியைத் தொட்டதேயில்லை என்னும் நிலை நம்மிடையே புதியதன்று. இணையம் அந்நிலையை மேலும் வண்ணமயமாக்கித் தொடரவும் கூடும்.

4. மொழியும் கலைச்சொல்லும்

இலக்கிய மாணவன் ஒருவன் இவ்விடயத்திற் புகுதற்கு நியாயமான வாயில் மொழியே. நுணுக்குக்காட்டியியல் பற்றிய இணைய வளங்களில் ஆழமானவை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. தமிழில் தேடும் மாணவரோ வேறொரு சிக்கலை எதிர்கொள்கின்றார். இலங்கையில் நுணுக்குக்காட்டி எனப்படுவது தமிழகத்தில் நுண்ணோக்கி. இங்குக் கலம், அங்குச் செல். இங்கு இழையம், அங்குத் திசு. இங்குப் பங்கசு, அங்குப் பூஞ்சை. இங்கு வித்தி, அங்கு ஸ்போர். இங்கு இலைவாய், அங்கு இலைத்துளை. ஒரு சொல்லைத் தட்டித் தேடுபவர் மற்றச் சொல்லாற் குறிக்கப்பட்ட பாதி வளங்களை இழந்துவிடுகின்றார். எச்சொல் சிறந்தது என்னும் வாதத்திலும் பார்க்க, இருசொற்களையும் இணைத்துக் காட்டும் ஒப்பீட்டு அகராதி இன்றைய உடனடித் தேவையாகும்.

தமிழில் விஞ்ஞானம் இயலாது என்னும் கூற்றுக்கு வரலாறு இடமளிக்கவில்லை. மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே மேலைமருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழ்வழியில் மருத்துவரைப் பயிற்றினார். நுணுக்குக்காட்டியியலின் வரலாற்றிலேயே இதற்கு இணையானதோர் எடுத்துக்காட்டுண்டு. பற்றீரியாவை முதலிற் கண்ட லீவன்ஹூக் டெல்வ்ற் நகரத்துத் துணி வணிகர். அக்காலத்து அறிஞர் மொழியாகிய இலத்தீனை அறியாதவர். 1673 முதல் அவர் இலண்டன் றோயல் கழகத்துக்குத் தம் தாய்மொழியாகிய ஒல்லாந்த மொழியிலேயே கடிதம் எழுதினார். மொழிபெயர்த்துக் கொள்ளும் பொறுப்பைக் கழகம் ஏற்றது. அவர் பயன்படுத்தியது ஒற்றைச் சிறு வில்லை. காகித நுணுக்குக்காட்டியின் தத்துவமும் அதுவே. கருவி எளிமையானமையும், எழுதியவர் தாய்மொழியில் எழுதியமையும் அறிவின் தரத்தைக் குறைக்கவில்லை.

5. செய்யத்தக்கன

மலையகத்துக்கு ஏற்றதொரு கற்றல் வளம் மலையகத்து மாதிரிகளிலிருந்தே தொடங்குதல் வேண்டும். வீட்டுத்தோட்டத்தில் நிற்கும் கோப்பிச் செடியின் இலைக்குக் கீழே செம்மஞ்சள் தூள் காணப்படின், ஊசிமுனையால் சிறிதளவு எடுத்து, வழுக்கியில் இட்ட நீர்த்துளியில் கலந்து, மெல்லிய மூடுகண்ணாடியைச் சாய்வாக இறக்கினால் வோட் ஆராய்ந்த வித்தியைக் காணலாம். முதலில் தாழ்ந்த உருப்பெருக்கத்தில் தேடி, பின்னரே உயர்த்தவேண்டும். அவ்வழுக்கியை ஈரத்தாளுடன் மூடியிட்ட பாத்திரத்தில் இருளில் ஓரிரவு வைத்து மறுநாள் நோக்கின், சில வித்திகளிலிருந்து குழாய்போன்ற முளை நீண்டிருத்தல் கூடும். 1880களின் தொடக்கத்தில் அனுப்பிவைக்கப்பட்ட விஞ்ஞானி ஒருவர் கண்டதைத் தோட்டப் பாடசாலை மாணவர் தம் கண்ணாற் காண்பதற்கு வேண்டுவன இவ்வளவே.

அடுத்தது தேயிலையின் கொப்புள நோய். 1946இல் இலங்கையிற் கண்டறியப்பட்ட இப்பங்கசு குளிரும் மூடுபனியும் தங்கும் மலைகளில் இளங்கொழுந்தைத் தாக்குகின்றது. எந்த மலையில் வெயில் பிந்தி ஏறும், எங்கு முதலிற் கொப்புளம் தோன்றும் என்பதைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் ஆய்வாளருக்கு முன்னரே அறிவர். மாணவர் தம் தாயிடம் கேட்டறிந்ததையும் வழுக்கியிற் கண்டதையும் ஒரே குறிப்பேட்டில் எழுதும்போது, உழைப்பின் அறிவும் ஆய்வுகூட அறிவும் முதன்முறையாகச் சந்திக்கும். கொழுக்கிப்புழுவைப் பொறுத்தவரை, தொற்று அபாயம் கருதி, தயாரித்த படங்களையே பயன்படுத்துதல் தகும்.

வளம் சென்றடையும் வழியும் சிந்திக்கப்பட வேண்டும். 2020இலும் 2021இலும் பெருந்தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, அலைவரிசை தேடி மாணவர் மேடுகளில் ஏறிநின்றமையும், ஒரு குடும்பத்துக்கு ஒரு கைத்தொலைபேசியும் இல்லாதிருந்தமையும் நாடறிந்தவை. எனவே, ஒருமுறை இறக்கி அச்சிட்டுக் கொள்ளத்தக்க சிறு கையேடுகளே முதல் தேவை. நீண்ட காணொளிகள் பின்னர் வரலாம். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் விஞ்ஞான பீட மாணவருடன் கூடி, இருநாட்டுக் கலைச்சொற்களையும் தந்து, பத்து வழுக்கிகளுக்கான தமிழ்க் கையேடு ஒன்றை வெளியிடுதல் இயலாத காரியமன்று. ஆண்டுதோறும் விழாக்களுக்குச் செலவாகும் உழைப்பில் ஒருபகுதியே இதற்குப் போதும்.

முடிவுரை

ரெயிலர் லூல்கந்துரவில் தேயிலை நட்ட அதே 1867ஆம் ஆண்டில்தான் 'மூலதனம்' முதற் பாகம் வெளிவந்தது. பொருளாதார வடிவங்களை ஆராய்தற்கு நுணுக்குக்காட்டி உதவாது, அதன் இடத்தைச் சிந்தனையின் பிரித்தறியும் ஆற்றலே நிரப்பவேண்டும் என்னும் கருத்தை மார்க்ஸ் அதன் முன்னுரையில் தெரிவித்தார். இதனை நுணுக்குக்காட்டிக்கு எதிரான கருத்தாகக் கொள்ளுதல் தவறு. வித்தியைக் கண்டாலன்றி நோயை அறிதல் இயலாது. ஒரே பயிரால் மலைகளை மூடிய இலாப வேட்கையைக் கண்டாலன்றி அழிவை அறிதல் இயலாது. முட்டையைக் கண்டாலன்றி இரத்தச்சோகையின் காரணம் விளங்காது. கட்டப்படாத கழிப்பறையைக் கண்டாலன்றி அது தொடர்ந்தமைக்குக் காரணம் விளங்காது. இவ்விரு பார்வைகளும் ஒருங்கே தேவைப்படும் மக்கள் மலையகத்தவரைப்போல் வேறெவருமிலர்.

நூற்றைம்பது ஆண்டுகளாகப் பிறர் நோக்கும் பொருளாக இருந்த ஒரு சமூகம் தானே நோக்கும் நிலையை அடைதல் கல்வியின் ஒரு பகுதி மாத்திரமன்றி, உரிமையின் பகுதியுமாகும். அதற்கான வில்லை இன்று கையெட்டும் தொலைவில் உள்ளது. பாடங்களும் பெருமளவு உள்ளன. எஞ்சியிருப்பது அவற்றைத் தமிழிலும் மலையக மண்ணிலும் நாட்டும் பணி. அப்பணி கற்றோராகிய நம்மைச் சார்ந்தது.